அத்தானின் புருவம்

1

இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கலை அல்ல, ஆத்திரம். போன செவ்வாய்க்கிழமை எங்கள் மொராகு ஊர்த் தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள சுவரில்லாத காற்றுக் கொட்டகையில் கூடிய பஞ்சாயத்தில், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லாமல் எல்லாரையும் ஏமாற்றினார். நானும் அங்கேதான் பாக்கு மென்றுகொண்டு இருந்தேன். துப்பக்கூட மறந்துபோய் வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் பெட்டிக்கு அடியிலிருந்து காகிதத்தை எடுத்தேன்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் பேர் இன்னிக்கு வரைக்கும் என் வாயில வந்ததில்ல. வர முடியாதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்."

முழு உண்மை. அந்தப் பேர் என் தம்பி அலோய்ஸின் பேர். சொன்னவர் என் அக்காள் ஒட்டிலியாவின் கணவர். சண்டைக் காலத்தில் எங்கள் பள்ளத்தாக்கின் படைக்கு அவர்தான் கமாண்டர். பூகன்வில் தீவில், எங்கள் பக்கத்தில், ஒரு ஆண் தன் மனைவியின் சகோதரன் பேரை வாயால் சொல்லக் கூடாது. ஒரு பெண் தன் அக்காள் கணவர் பேரைச் சொல்லக் கூடாது. சொன்னால் தலைகுனிவு, ஒரு பன்றி தண்டம் வேறு. (உங்கள் பக்கத்திலும் கட்டினவன் பேரைச் சொல்லாத பெண்கள் இருந்ததாகக் கேள்வி. அதனால் சிரிக்காதீர்கள்.)

ஆக, அவர் என் தம்பி பேரைச் சொல்ல முடியாது. நான் அவர் பேரைச் சொல்ல முடியாது, எழுதவும் முடியாது. இந்தக் கதை நெடுக அவரை அத்தான் என்றுதான் எழுதப் போகிறேன். கொஞ்சலாகக் காதில் விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது எனக்குப் பல் கூசுகிறது.

வருகிற சனிக்கிழமை அம்பு ஒடிப்பு. தெரியாதவர்களுக்கு: செத்தவன் வீட்டாரும் சாகடித்தவன் வீட்டாரும் ஒரே அம்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒடிப்பார்கள். பிறகு ஒரே குலையிலிருந்து பாக்கு எடுத்து மெல்லுவார்கள். அதற்கப்புறம் அந்த விஷயத்தை யாரும் எடுக்கக் கூடாது. குடித்திருந்தாலும் கூடாது, சாவு வீட்டிலும் கூடாது. அத்தோடு முடிந்தது.

அலோய்ஸைச் சுட்ட மூன்று பேரும் முன்பே வந்துவிட்டார்கள். என் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். நான் அவர்களோடு சேர்ந்து அழுதேன், கிழங்கு அவித்துக் கொடுத்தேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. சுட்டவர்கள் ஒத்துக்கொண்டார்கள். சுடச் சொன்னவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அதுமட்டுமல்ல, சனிக்கிழமை அவர் எங்கே உட்காரப் போகிறார் தெரியுமா? எங்கள் பக்கத்துப் பாயில். செத்தவனின் அத்தான் என்ற முறையில், துக்கப்படுகிறவராக.

சனிக்கிழமைக்குள் அவர் வாயிலிருந்து "நான்தான் சொன்னேன்" என்ற சொல் வர வேண்டும். வராவிட்டால் அது எப்போதும் வராது. எனக்கு இந்தக் கதையில் வேறு எதுவும் வேண்டாம்.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன்.

முதலாவது: "படை என்பது ஓர் உடல். கமாண்டர் அதன் தலை. வீரர்கள் அதன் கைகால்கள்." அடித்துவிட்டேன். அத்தான் மேடையில் பேசுவது மாதிரியே இருக்கிறது. உடல் என்றால் கைக்குப் பட்ட அடி தலைக்கு வலிக்க வேண்டாமா?

இரண்டாவது: "அந்த வருடம் அரசாங்கப் படையினர் தீவைச் சுற்றிக் கடலை அடைத்திருந்தார்கள். உப்பு இல்லை, சோப்பு இல்லை, மாத்திரை இல்லை." இது பரவாயில்லை. ஆனால் இப்படித் தொடங்கினால் எல்லாப் பழியும் கடலை அடைத்தவர்கள்மேல் போய்விடும். அவர்களுக்கு உரியது அவர்களுக்கு உண்டு, அதை வேறு யாராவது எழுதட்டும். என் தம்பி செத்தது எங்கள் ஆட்கள் கையால்.

மூன்றாவது: "அலோய்ஸ் கவோரோ ஆற்றில் இறங்கியபோது தண்ணீர் முழங்கால்

இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிடுகிறேன். வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.

3

சரி, படையிலிருந்தே தொடங்குகிறேன். அதில் கொஞ்சம் சிரிக்கவாவது இடம் இருக்கிறது.

தீவின் சுரங்கத்தை எதிர்த்துச் சண்டை தொடங்கிக் கொஞ்ச காலம் எங்கள் பள்ளத்தாக்கில் படை என்று ஒன்றும் கிடையாது. கோபக்கார இளைஞர்கள் இருந்தார்கள். தண்ணீர்க் குழாயை அறுத்து ஆணி வைத்துச் செய்த துப்பாக்கிகள் இருந்தன. பழைய உலகப் போரில் ஜப்பான்காரன் விட்டுப்போன ஒரு இயந்திரத் துப்பாக்கியைக் காட்டிலிருந்து தோண்டி எடுத்து, தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டிருந்தார்கள். பிறகு மலைமேல் இருந்த மேலிடம் ஆள் அனுப்பியது: இனி ஒவ்வொரு பள்ளத்தாக்கும் ஒரு கம்பெனி, கம்பெனிக்கு ஒரு கமாண்டர், அவருக்குக் கீழே மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு சாமான் கிடங்கு, காவல் முறை.

அத்தானைக் கமாண்டர் ஆக்கினார்கள். நியாயமாகச் சொன்னால், அவர் கெட்டிக்காரர். சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவர், ஆட்களை வேலை வாங்கத் தெரியும். முதல் வாரத்திலேயே ஒரு விதி போட்டார். அதற்குக் காரணம் இருந்தது. "யாராவது போய்ப் பாலத்தைப் பாருங்க" என்று அவர் சொல்லியிருந்தார். யாராவது போவார்கள் என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், பாலம் போயிற்று. அன்றிலிருந்து விதி: பேர் சொல்லாத ஆணை ஆணை அல்ல. ஒருவரிடம் வேலை சொன்னால் அவர் பேரைச் சொல்லித்தான் சொல்ல வேண்டும், ஒருவரைப் பற்றிச் சொன்னாலும் அப்படியே.

இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எனக்கு வேண்டும்.

விதி நல்ல விதிதான். சிக்கல் வந்த இடம் வேறு. எங்கள் பள்ளத்தாக்கில் இரண்டே குலம், கழுகும் இருவாட்சியும். கழுகு இருவாட்சியில்தான் பெண் எடுக்கும், இருவாட்சி கழுகில்தான் எடுக்கும். ஆக, வரிசையில் நிற்கும் பாதிப் பேர் மீதிப் பாதிக்கு மச்சான் முறை. முதல் நாள் காலையில் அத்தான் பேர் கூப்பிட நின்றார். முதல் பேர் வந்தது. இரண்டாவது ஆளைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். "அந்த... அங்க நிக்கிறவர்" என்றார். அடுத்தவரும் அங்கே நிற்கிறவர். அதற்கடுத்தவரும் அங்கே நிற்கிறவர்தான்.

சரி, மச்சான்களைப் பிரித்து வேறு பிரிவில் போடலாம் என்று பார்த்தார்கள். அந்தப் பிரிவின் தலைவனுக்கும் அவர்கள் மச்சான்கள். காவலில் தூங்குகிறவரைப் பேர் சொல்லி எழுப்ப முடியவில்லை, அவர் மாமனார். படுத்திருக்கும் மச்சானின் காலைத் தாண்டக் கூடாது என்பதால், இருட்டில் ஒரு பிரிவு முழுக்க ஓடையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சண்டை முடிந்திருந்தது.* எதிரி இதைக் கண்டிருந்தால் சிரித்தே செத்திருப்பான், எங்களுக்குக் குண்டு மிச்சமாகியிருக்கும்.

அப்போதுதான் கிளெமன்ஸ் கண்ணில் பட்டான்.

* இதைச் சொன்னவர் அந்தப் பிரிவில் இருந்தவர். கொஞ்சம் கூட்டிச் சொல்லும் ஆள். ஆனால் காலைத் தாண்டாதது நிஜம், என்னால் நம்ப முடிகிறது. நானே பேருந்தில் அத்தான் காலை நீட்டியிருந்தால் பின் வழியாகத்தான் இறங்குவேன். இன்றைக்கும்.

4

கிளெமன்ஸ் வடக்கே பூக்காவிலிருந்து சுரங்கத்துப் பட்டறைக்கு வேலைக்கு வந்த மெக்கானிக். சாலை மூடியதும் எங்கள் பள்ளத்தாக்கில் மாட்டிக்கொண்டான். டீசல் இல்லாத காலத்தில் தேங்காய் எண்ணெயில் வண்டியை ஓட்டிக் காட்டியவன். எல்லாவற்றையும்விட முக்கியம், பள்ளத்தாக்கில் யாருக்கும் மச்சான் இல்லாத ஒரே ஆள். எந்தப் பேரையும் அவன் சொல்லலாம்.

அத்தான் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். காலையில் பேர் கூப்பிடுவது அவன். ஆணையை ஆளிடம் சேர்ப்பது அவன். அத்தான் பார்ப்பார், அவன் பேரைச் சொல்வான், அத்தான் புருவத்தைத் தூக்குவார். எங்கள் ஊரில் புருவத்தைத் தூக்கினால் ஆமாம். அவ்வளவுதான், ஆணை போய்விடும். கிளெமன்ஸுக்குக் கம்பெனியின் வாய் என்று பேர் வந்தது. முதலில் வேடிக்கையாகத்தான் வைத்தார்கள்.

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பாத்திரத்தை நான் முழுக்க நம்பவில்லை. அடுத்த பகுதியில் வரப்போகிற காட்சியில் நான் இல்லை. எனக்கு அதைச் சொன்னவன் கிளெமன்ஸ். அந்தக் கதையால் லாபம் யாருக்கு? அவனுக்குத்தான். பேரைச் சொன்ன வாய் அவனுடையது, ஊர் அவனைத்தான் இத்தனை வருடமும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறது. சண்டை முடிந்து அவன் ஊருக்கும் போகவில்லை. சாலையோரத்தில் ஜெனரேட்டர் பழுதுபார்த்துக்கொண்டு தனியாகக் கிடக்கிறான். கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "வாய்க்கு யார் டீச்சர் பொண்ணு குடுப்பாங்க" என்றான்.

பல தடவை கேட்டிருக்கிறேன், ஒரு சொல் மாறாமல் அதையே சொல்கிறான். எழுதுகிறவளுக்கு அதுவே சந்தேகம். உண்மை கொஞ்சம் தடுமாறும், மனப்பாடம்தான் தடுமாறாது.

5

கிளெமன்ஸ் சொன்னபடி:

மழை பெய்துகொண்டிருந்தது. அத்தான் காற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து, பாக்கு மென்றபடி சுண்ணாம்புக் குச்சியை நக்கிக்கொண்டிருந்தார். கிடங்குக்காரன் வந்து புகார் சொன்னான். அலோய்ஸ் தெற்கே கடல் தாண்டிப் போய், காவல் படகுகளுக்குத் தப்பி, மலேரியா மாத்திரையோடு வந்திருக்கிறான். விதிப்படி மருந்தெல்லாம் முதலில் கிடங்குக்கு வர வேண்டும். வரவில்லை. காய்ச்சல் கண்ட குழந்தைகள் இருந்த வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டான். கேட்டதற்கு, "காய்ச்சல் கம்பெனிக்கு வரல, புள்ளைங்களுக்குத்தான் வந்திருக்கு" என்றானாம்.

(இது அலோய்ஸ்தான். இந்த ஒரு வரியை யாரும் கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அவன் வாய் அப்படி.)

அங்கே இருந்த யாரோ, படகு எப்படித் தப்பியது, அந்தப் பக்கத்து ஆட்களோடு பேச்சு வைத்திருப்பான் என்றார்கள். ஒற்றன் என்ற சொல் அப்படித்தான் நடுவில் வந்து விழுந்தது. யார் போட்டது என்று இன்றுவரை தெரியாது. அத்தான் ஒன்றும் பேசவில்லை. கிளெமன்ஸைப் பார்த்தார்.

"அலோய்ஸைக் கூட்டிட்டு வரணுமா?" என்று கிளெமன்ஸ் கேட்டான்.

புருவம் ஏறியது.

"இங்கயா?"

அத்தான் தலையைத் திருப்பி ஆற்றுப் பக்கம் பார்த்தார்.

"ஆத்துலயே முடிச்சிடவா?"

மறுபடியும் புருவம் ஏறியது. பிறகு அத்தான் சுண்ணாம்புக் குடுவையை மூடிவிட்டு, வேறு ஏதோ விஷயம் பேசத் தொடங்கினார். கிளெமன்ஸ் எழுந்து போய் மூன்று பையன்களிடம் பேரைச் சொன்னான்.

"நான்தான் சொன்னேன் டீச்சர். அத இல்லன்னு சொல்லல. ஆனா அந்தப் புருவம் ரெண்டு தடவ ஏறிச்சு."

கம்பெனி, பிரிவு, கமாண்டர், மேலிடம், கட்டளை, வரிசை. இத்தனை பெரிய சொற்களையும் அடுக்கி வைத்து, கடைசியில் என் தம்பியைக் கொன்றது நெற்றியில் இரண்டு விரல்கடை மயிர். அதற்குச் சத்தம் இல்லை. எந்தப் பஞ்சாயத்திலும் அதைச் சாட்சிக்கு நிறுத்த முடியாது. செவ்வாய்க்கிழமை அத்தான் அந்தத் தெம்பில்தான் பேசினார்: பேர் சொல்லாத ஆணை ஆணை அல்ல, நான் பேர் சொல்லவில்லை, ஆகவே நான் ஆணையிடவில்லை. மச்சானைப் பேர் சொல்லாமல் காத்த மரியாதைக்காரர் என்று ஊரில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். மரியாதை. அந்தச் சொல்லை எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது, பாருங்கள். அச்சில் தெரியாது. என் கையில் இருக்கும் தாளில் ஓட்டை இருக்கிறது.

6

முடிவுகள். இதுவும் மூன்று.

முதல் முடிவு: சனிக்கிழமை அம்பை எடுக்கிற நேரத்தில் கிளெமன்ஸ் எழுந்து நிற்கிறான். இத்தனை வருடம் பொத்தி வைத்ததையெல்லாம் கொட்டுகிறான். கூட்டம் வாயடைத்து நிற்கிறது. நன்றாக வந்திருந்தது. எழுதி முடித்து நானே அழுதேன். அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு புதன்கிழமை சாலையோரத்துக்குப் போனேன்.

கிளெமன்ஸ் கையைத் துணியில் துடைத்துவிட்டு, நின்றபடியே படித்தான். படிக்கும்போது அவன் உதடு அசைந்தது.

"நல்லாத்தான் எழுதிருக்கீங்க. நான் ரொம்ப நல்லா பேசுறேன் இதுல."

இதை அப்படியே சனிக்கிழமை பேசுவாயா என்று கேட்டேன். அவன் தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்தான்.

"அவருக்கும் என் வாய்தான் வேணும்னாரு. உங்களுக்கும் என் வாய்தான் வேணுமா டீச்சர்?"

அதில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவன் ஜெனரேட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான், நான் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

எழுதுகிறவளும் ஒரு கமாண்டர்தான். இங்கே நில், இதைச் சொல், இப்போது அழு. நான் காகிதத்துக்குப் பின்னால் சுத்தமான கையோடு உட்கார்ந்திருப்பேன், பேசினது பாத்திரம், நான் இல்லை. முதல் முடிவை அடித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: அத்தான் மனம் திருந்தி, தானாகவே எழுந்து அழுகிறார். இதை அரைப் பக்கம் எழுதுவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை.

மூன்றாம் முடிவில் நீங்கள் இருந்தீர்கள். யோசித்துப் பாருங்கள், நீங்களும் எங்கள் பள்ளத்தாக்கில் யாருக்கும் மச்சான் இல்லை, கொழுந்தியாள் இல்லை. அத்தான் பேரை நீங்கள் சொன்னால் தண்டம் கிடையாது. ஏதாவது சாக்கில் அந்தப் பேரை உங்கள் காதில் போட்டுவிட்டு, சத்தமாகப் படியுங்கள் என்று சொல்லிவிட்டால் போதும்.

[இங்கே வாசகரை எழுந்து நிற்கச் சொல்லும் ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். கிளெமன்ஸ் கேட்ட கேள்வி உங்களுக்கும் பொருந்தும்.]

7

இன்று வியாழக்கிழமை. காலையில் அக்காள் ஒட்டிலியா வந்தாள். முதுகுக் கூடையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொண்டுவந்திருந்தாள். ஊரில் நான் என்னவோ எழுதுகிறேன் என்று பேச்சாம். மேஜைமேல் கிடந்த தாள்களைக் கேட்காமலே எடுத்தாள். நான் தடுக்கவில்லை. அவளைத் தடுத்துப் பழக்கமில்லை, எங்கள் வீட்டில் மூத்த பெண் அவள், குலத்து நிலமெல்லாம் அவள் பொறுப்பில்.

ஐந்தாம் பகுதிக்கு வந்ததும் நின்றாள்.

"மழ பெய்யல."

"என்னக்கா?"

"அன்னிக்கு மழ இல்லடி. நல்ல வெயில். நான் கொட்டகைக்குப் பின்னால அடுப்புல பச்ச வெறக வெச்சு ஊதிக்கிட்டிருந்தேன். வாய்க்காரன் கண்ணுல பொக பட்டு மழையா தெரிஞ்சிருக்கும் போல."

அவள் அங்கே இருந்தாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. இத்தனை வருடம் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கிறோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"யாரு கேட்டா? ஆம்பளைங்களா வந்து ஆம்பளைங்களையா கேட்டுட்டுப் போனாங்க. நீ போய் வாய்க்காரனைக் கேட்ட."

பிறகு அவள் கூடையைக் கழற்றிக் கீழே வைத்து உட்கார்ந்தாள். கிளெமன்ஸ் சொன்னது உண்மையா என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"ரெண்டு தடவதான். இன்னும் கெழங்கு வேணுமான்னு கேட்டா அதே மாதிரிதான் தூக்குவாரு. அந்தப் புருவத்துக்குத்தான் இன்னிக்கு வரைக்கும் ஆக்கிப் போடுறேன். எனக்குத் தெரியாதா?" கொஞ்ச நேரம் கிழங்கிலிருந்த மண்ணைச் சுரண்டினாள். "ஆத்துலன்னு அவன் கேட்டது காதுல விழுந்துச்சு. புரியல. என்னவோ திட்டி அனுப்புவாங்கன்னு நெனச்சேன். புரிஞ்சப்போ ஆத்துப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டுடுச்சு. என் புள்ள சின்னவன் காய்ச்சலோட மடியில படுத்திருந்தான்டி. அலோய்ஸ் குடுத்த மாத்திரை அவன் வயித்துக்குள்ள இருந்துச்சு. எங்க வீட்டுக்குத்தான் மொதல்ல கொண்டாந்தான், தாய்மாமன் இல்லியா."

நான் அழவில்லை. அவளும் அழவில்லை. சின்னவன் இப்போது கடற்கரையில் படகு ஓட்டுகிறான், நல்ல உயரம், அலோய்ஸ் மாதிரியே முரட்டுத் தலைமுடி.

சனிக்கிழமை நானே எழுந்து அத்தான் பேரைச் சொல்லிக் கேட்டுவிடலாமா என்று அவளிடம் கேட்டேன். கேட்கும்வரை அப்படி ஒரு முடிவு இருப்பது எனக்கே தெரியாது. அது பட்டியலில் இல்லை.

"பேர் சொன்னா பன்னி குடுக்கணும்" என்றாள்.

"தெரியும்."

"யாருக்குக் குடுப்ப? எங்க வீட்டுக்கு. உன் பன்னிய நான் அறுத்து, நான் சுட்டு, அந்தாளுக்கு நான் போடணும்."

அவள் கூடையை மாட்டிக்கொண்டு எழுந்தாள், வாசல்வரை போனாள். போனால் போகட்டும், என் அக்காளையும் இழந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அவள் பன்றித் தொழுவத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளி போட்ட பன்னியக் கட்டி வை. சின்னதா ஏதாவது குடுத்த, நான் வாங்க மாட்டேன்."

அப்படிச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கிழங்கை மறந்து வைத்துவிட்டுப் போனாள், அல்லது எனக்குத்தான் வைத்துவிட்டுப் போனாள்.

8

சனிக்கிழமை வரவில்லை. ஆனாலும் நிகழ்காலத்தில் எழுதுகிறேன், ஒரு தைரியத்துக்கு.

கொட்டகை நிறைந்திருக்கிறது. புள்ளிப் பன்றி ஓரத்தில் கட்டிக் கிடக்கிறது, யாருக்கு என்று எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. எங்கள் பாயில், ஒட்டிலியாவுக்குப் பக்கத்தில், அத்தான் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். சுட்ட மூன்று பேரும் எதிர்ப்பாயில் தலையைக் கவிழ்த்திருக்கிறார்கள். கிளெமன்ஸ் உள்ளே வரவில்லை, வெளியே மாமரத்தில் சாய்ந்து நிற்கிறான். இந்த முறை அவனுக்கு நான் வசனம் ஒன்றும் எழுதவில்லை. அவனுக்கு எதுவும் தோன்றினால் அவன் பேசிக்கொள்வான். தேவாலயத்து உபதேசியார் அம்பை எடுத்து ஒரு நுனியை என் பக்கம் நீட்டுகிறார்.

நான் அதை வாங்கவில்லை. எழுந்து நிற்கிறேன்.

"வெண்டலின் தமுரோ."

எழுதிவிட்டேன். பெண்கள் கையால் வாயைப் பொத்துகிறார்கள். யாரோ ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். இந்தப் பேரை என் வாழ்நாளில் முதல் தடவையாக எழுதுகிறேன், எழுத்துகள் எனக்கு அந்நியமாக இருக்கின்றன. வெறும் பேர்தான். ஞானஸ்நானத்தில் ஒரு குழந்தைக்கு வைத்த பேர். இதற்கா இத்தனை வருடம் பேருந்தில் பின் வழியாக இறங்கினேன்?

"வெண்டலின் தமுரோ, எந்திரிங்க. தண்டத்துக்குப் பன்னி கட்டியிருக்கேன், அதோ இருக்கு. அலோய்ஸை ஆத்துல வெச்சு முடிக்கச் சொன்னது நீங்களா?"

பேர் சொல்லாத ஆணை ஆணை அல்ல என்றவர் அவர். நான் பேர் சொல்லிவிட்டேன். அவருடைய கம்பெனியின் விதிப்படியே இது ஆணை. என் வாயால் வந்தது, வேறு யார் வாயாலும் இல்லை. இதனால் வருவது எதுவோ அது என் தலையில் விழட்டும்.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். முடியாமல் இல்லை. இன்னும் ஒரு வரி எழுதினால் அவரை நான் பேச வைத்தவள் ஆகிவிடுவேன். பிறகு இன்னொரு சனிக்கிழமை அவர் எழுந்து, அது டீச்சர் எழுதினது, என் வாயில் வந்ததில்லை என்பார்.

அவர் இன்னும் பாயில்தான் இருக்கிறார். ஒட்டிலியா அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாள், அடுப்புப் பக்கமிருந்து பார்த்த அதே கண்ணால். நீங்களும் வந்து என் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள், உங்களைப் பேசச் சொல்லவில்லை. அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். புருவத்தைப் பாருங்கள்.